98 சென்டுக்கு கோழி விருந்து! சூதாட்டத்தால் பிறந்த சின்ன ஊர்

வயிறு நிறைய கோழிக்கறிச் சாப்பாடு. போதும் போதும் என்கிற வரை போடுவார்கள். விலை 98 சென்ட்! அதாவது, ஒரு டாலருக்கும் குறைவு.

அமெரிக்காவில், பாலைவனத்து ஆற்றங்கரையில் ஒரு சிறு விடுதி. அங்கேதான் 1966-ம் ஆண்டில் இந்த விருந்து நடந்தது.

"இப்படி அள்ளிப் போட்டால் கட்டுபடி ஆகுமா? விடுதிக்காரர் மஞ்சள் கடுதாசி கொடுக்க வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள்.

அதுதான் இல்லை. அவர் பெரும் பணக்காரர் ஆனார். அவர் பெயரில் ஓர் ஊரே உண்டாகிவிட்டது!

காரணம், அந்த விடுதியில் கோழி மட்டும் இல்லை. 12 சூதாட்ட எந்திரங்களும் இருந்தன. இரண்டு சூதாட்ட மேஜைகளும் இருந்தன. கோழி தின்ன வந்தவர்கள், கையில் இருந்த காசை அங்கே விட்டுவிட்டுப் போனார்கள்.

அமெரிக்காவில் சூதாட்டம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது லாஸ் வேகாஸ். ஆனால் அங்கே கூட்டம் அதிகம், செலவும் அதிகம். ஆகவே, "நமக்கு ஒரு சின்ன ஊர் போதும்" என்று சிலர் வேறு ஊர் தேடிப் போகிறார்கள்.

சின்ன ஊருக்குப் போனால் உண்மையிலேயே லாபமா? அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

பள்ளிக்கூடத்துப் பையனின் வியாபாரம்

அந்தக் கோழி விருந்துக்காரர் பெயர் டான் லாப்லின். 1931-ம் ஆண்டு மின்னசோட்டா மாநிலத்தில் பிறந்தவர். அதே 1931-ல்தான் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக அனுமதித்தது. என்ன பொருத்தம் பாருங்கள்!

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர் சூதாட்ட எந்திரம் ஒன்றைத் தபாலில் வரவழைத்தார். ஆட்கள் வந்து போகும் இடத்தில் அதை வைத்தார். காசு கொட்டியது. பிறகு இன்னும் சில எந்திரங்கள் வாங்கினார்.

தலைமை ஆசிரியருக்கு இது தெரிந்தது. "ஒன்று, இந்தத் தொழிலை விடு. அல்லது பள்ளிக்கூடத்தை விடு" என்று சொல்லிவிட்டார்.

பையன் யோசிக்கவே இல்லை. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான்!

பின்னர் அவர் லாஸ் வேகாசுக்குப் போனார். அங்கே ஒரு சிறு சூதாட்ட விடுதி நடத்தினார். 1964-ல் அதை விற்றார். புதிய இடம் தேடி விமானத்தில் சுற்றினார்.

கீழே கொலராடோ ஆறு ஓடியது. ஒரு கரையில் நெவாடா. எதிர்க்கரையில் அரிசோனா மாநிலம். நெவாடா கரையில், பூட்டிக் கிடந்த பழைய விடுதி ஒன்று தெரிந்தது. மொத்தம் எட்டே அறைகள்.

2 லட்சத்து 35 ஆயிரம் டாலருக்கு அதை வாங்கினார். நான்கு அறைகளை வாடகைக்கு விட்டார். மீதி நான்கு அறைகளில் அவருடைய குடும்பம் வசித்தது. கோழி விருந்து தொடங்கியது.

கூட்டம் வந்தது. கூட்டத்தைப் பார்த்து மற்ற முதலாளிகளும் வந்தார்கள். ஆற்றங்கரையில் வரிசையாக விடுதிகள் எழுந்தன.

ஊர் என்றால் தபால் வர வேண்டும் அல்லவா? தபால் வர வேண்டுமானால் பெயர் வேண்டும் அல்லவா? 1977-ல் அந்தப் பிரச்சினை வந்தது. "ரிவர்சைடு" என்றோ, "கேசினோ" என்றோ பெயர் வைக்கலாம் என்றார் டான். தபால் அதிகாரி அதை ஏற்கவில்லை. டானின் பெயரையே ஊருக்கு வைத்துவிட்டார். அன்று முதல் அந்த ஊர் "லாப்லின்" ஆயிற்று.

1987-ல் டான் தம் சொந்தப் பணம் 35 லட்சம் டாலர் செலவழித்து, ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். அதை இரண்டு மாநிலங்களுக்கும் இலவசமாகவே கொடுத்துவிட்டார். தர்மம் என்று சொல்லலாம். ஆனால், அந்தப் பாலத்தின் வழியாக வந்த கூட்டம் எங்கே போயிற்று என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்!

டான் லாப்லின் 2023-ம் ஆண்டு, 92-வது வயதில் காலமானார்.

எல்லைக்கோட்டில் ஏன்?

அமெரிக்காவின் படத்தை எடுத்துப் பாருங்கள். நெவாடாவின் சின்னச் சூதாட்ட ஊர்கள் பல, மாநில எல்லைக்கோட்டின் மேலேயே இருப்பது தெரியும்.

லாப்லின் அரிசோனா எல்லையில் இருக்கிறது. மெஸ்கீட் என்ற ஊரும் அரிசோனா எல்லையில்தான் இருக்கிறது. மேற்கு வெண்டோவர் என்ற ஊர் யூட்டா மாநில எல்லையில் இருக்கிறது.

யூட்டாவில் எந்தச் சூதாட்டமும் கூடாது. லாட்டரிச் சீட்டுகூடக் கிடையாது. ஆனால், கோட்டைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தால் சூதாட்ட விடுதி!

பக்கத்து மாநிலத்துக்காரர் காரில் வருவார். இரண்டு நாள் தங்குவார். ஆடுவார். திரும்பிப் போவார். அவரை நம்பித்தான் இந்த ஊர்கள் பிழைக்கின்றன.

பட்ட மரத்து ஊர்

இன்னொரு சின்ன ஊரைப் பாருங்கள். அதன் கதை வேறு.

தெற்கு டகோட்டா மாநிலத்தில் "கருங்குன்றுகள்" என்று ஒரு மலைப்பகுதி உண்டு. அங்கே டெட்வுட் என்ற ஊர் இருக்கிறது. பள்ளத்தாக்கில் பட்டுப்போன மரங்கள் நிறைய இருந்ததால் இந்தப் பெயர் வந்தது.

அந்த மலை லக்கோட்டா என்ற பூர்வகுடி மக்களுக்கு உரியது என்று, 1868-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கமே ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தது. 1874-ல் அங்கே தங்கம் இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான்! ஒப்பந்தம் காற்றில் பறந்தது. தங்கம் தேடுவோர் ஆயிரக்கணக்கில் புகுந்தார்கள்.

நிலம் பறிபோனதற்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 1980-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. பத்துக் கோடி டாலருக்கு மேல்! அந்த மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். "எங்களுக்குப் பணம் வேண்டாம். மலைதான் வேண்டும்" என்பது அவர்களுடைய நிலை.

தங்கம் வந்த இடத்துக்குச் சூதாட்டமும் வந்தது. 1876 ஆகஸ்டு 2-ந் தேதி, டெட்வுட் மதுக்கடை ஒன்றில் சிலர் சீட்டு ஆடிக்கொண்டு இருந்தார்கள். அவர்களில் ஒருவர் வைல்டு பில் ஹிக்கக். துப்பாக்கி சுடுவதில் பேர் போனவர்.

அவர் எப்போதும் சுவர் ஓரமாகத்தான் உட்காருவாராம். அன்று அந்த இடம் கிடைக்கவில்லை. வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

ஜாக் மக்கால் என்பவன் பின்னால் வந்தான். தலையில் சுட்டான். ஹிக்கக் அங்கேயே செத்து விழுந்தார்.

அப்போது அவர் கையில் இரண்டு ஏஸ் சீட்டும் இரண்டு எட்டும் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தச் சீட்டுகளுக்கு "செத்தவன் கை" என்று இன்றும் பெயர். சுட்டவன் 1877-ல் தூக்கில் போடப்பட்டான்.

தீப்பிடித்த பிறகு...

நூறு ஆண்டுகள் ஓடின. டெட்வுட் களை இழந்தது. பழைய கட்டடங்கள் இடியத் தொடங்கின. 1987 டிசம்பரில் ஒரு பழைய கட்டடம் தீயில் எரிந்து போயிற்று.

ஊர்க்காரர்கள் கூடிப் பேசினார்கள். "பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் பணம் வேண்டும். அதற்குச் சூதாட்டத்தை அனுமதித்து வரி வாங்கலாம்" என்றார்கள். மாநில மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்டார்கள். 1989 நவம்பர் 1-ந் தேதி சூதாட்டம் தொடங்கியது. நெவாடாவுக்கும், நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக்கும் அடுத்தபடி மூன்றாவது இடம்!

தொடக்கத்தில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒரு பந்தயத்துக்கு 5 டாலருக்கு மேல் கட்டக்கூடாது. யாரும் ஒரே இரவில் வீட்டை இழந்துவிடக்கூடாது என்றால் இது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் கட்டுப்பாடு நிலைத்ததா? 2000-ல் அது 100 டாலர் ஆயிற்று. 2012-ல் 1,000 டாலர் ஆயிற்று! முதலில் சீட்டும் எந்திரமும் மட்டும்தான் இருந்தன. 2015-ல் ரூலட் சக்கரமும் பகடையும் வந்தன.

வரிப் பணத்தில் பழைய கட்டடங்கள் பளபளப்பாயின. தெருக்கள் அழகாயின. அது உண்மை. ஆனால் கடைத்தெருவில் இருந்த சாதாரணக் கடைகள் பல, சூதாட்டக் கூடங்கள் ஆகிவிட்டன. ஊர் பிழைத்தது, உள்ளூர்க்காரர் சாமான் வாங்க வெளியூர் போக வேண்டியதாயிற்று.

சக்கரம் சொல்லும் கணக்கு

சரி, ஆடப் போகிறவருக்கு என்ன லாபம்? இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

ரூலட் சக்கரம் என்பது ஒரு வட்டத் தட்டு. அமெரிக்கச் சக்கரத்தில் 38 குழிகள் இருக்கும். 1 முதல் 36 வரை எண்கள். அவற்றோடு ஒரு பூச்சியமும், ஓர் இரட்டைப் பூச்சியமும் உண்டு. சக்கரத்தைச் சுற்றி ஒரு சிறு பந்தை உருட்டி விடுவார்கள். பந்து எந்தக் குழியில் விழுகிறதோ, அந்த எண்ணில் பணம் கட்டியவருக்கு வெற்றி.

ஒரு டாலர் கட்டி ஜெயித்தால், கட்டிய டாலரோடு 35 டாலர் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆக மொத்தம் 36 டாலர்.

ஒருவர் கெட்டிக்காரத்தனமாக 38 குழிகளுக்கும் ஒவ்வொரு டாலர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் தோற்கவே முடியாது. ஆனாலும் கட்டியது 38 டாலர். கைக்கு வருவது 36 டாலர். நஷ்டம் 2 டாலர்!

நூறு டாலருக்குக் கணக்குப் பார்த்தால், சுமார் ஐந்தே கால் டாலர் விடுதிக்காரருக்கு. சக்கரம் நேர்மையாகச் சுற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. கணக்கே அவர் பக்கம் இருக்கிறது!

ஒரு பூச்சியம் மட்டும் உள்ள சக்கரமும் உண்டு. அதில் 37 குழிகள். 37 டாலர் கட்டினால் 36 திரும்பும். நூற்றுக்கு 2 டாலர் 70 சென்ட்தான் நஷ்டம். ஏறக்குறையப் பாதி!

சின்ன ஊரில் என்ன மிச்சம்?

ஒரு மணி நேரத்தில் சக்கரம் 40 தடவை சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பெரிய விடுதியில், "குறைந்தது 25 டாலர் கட்ட வேண்டும்" என்று பலகை வைத்திருக்கிறார்கள். 40 தடவைக்கு 1,000 டாலர் ஆகிறது. அதில் சராசரியாக 52 டாலருக்கு மேல் போய்விடும்.

சின்ன ஊர் மேஜையில் 5 டாலர் கட்டினால் போதும் என்று இருக்கிறது. 40 தடவைக்கு 200 டாலர். சராசரியாகப் போவது பத்தரை டாலர்.

இரண்டும் ஒரே சக்கரம்தான். இரண்டிலும் நஷ்டம்தான். ஆனால் ஒன்றில் போவது ஐந்து பங்கு. மற்றதில் போவது ஒரு பங்கு. சின்ன ஊரின் லாபம் இதுதான். "அங்கே போனால் ஜெயிக்கலாம்" என்பது அல்ல. "குறைவாகத் தோற்கலாம்" என்பதுதான்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. "5 டாலர்தானே!" என்று இரண்டு மணி நேரம் உட்கார நினைத்தவர், பத்து மணி நேரம் உட்கார்ந்தால்? மிச்சம் பிடித்தது எல்லாம் போய்விடும்.

பலகையைப் படியுங்கள்

"பிளாக்ஜாக்" என்று ஒரு சீட்டாட்டம் உண்டு. 21 எண்ணிக்கைதான் அதில் முக்கியம். முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்துவிட்டால் கூடுதல் பணம் தருவார்கள்.

சில மேஜைகளில் "3-க்கு 2" என்று எழுதியிருக்கும். 10 டாலர் கட்டினால் 15 டாலர் லாபம். சில மேஜைகளில் "6-க்கு 5" என்று எழுதியிருக்கும். 10 டாலர் கட்டினால் 12 டாலர்தான் லாபம்.

"6-க்கு 5" என்பது பார்க்கப் பெரிய எண்களாகத் தெரியும். ஆனால், ஒவ்வொரு தடவையும் 3 டாலர் குறைகிறது! படிக்கத் தெரிந்தவர் அந்தப் பலகையைப் படித்த பிறகே உட்கார வேண்டும்.

எந்திரங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. "இவ்வளவு நேரமாக இந்த எந்திரம் ஒன்றும் கொடுக்கவில்லை. இனிமேல் கட்டாயம் கொடுக்கும்" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் புது ஆட்டம். நேற்றுப் போன பணம் அதற்குத் தெரியவே தெரியாது.

இலவச அறையின் ரகசியம்

இந்த ஊர் விடுதிகளில் உறுப்பினர் அட்டை ஒன்று கொடுப்பார்கள். ஆடும்போது அதை எந்திரத்தில் சொருக வேண்டும். "அறை இலவசம்", "சாப்பாடு இலவசம்" என்று பிறகு கடிதம் வரும்.

யாருக்கு வரும்? நிறைய ஆடுகிறவருக்கு! எவ்வளவு பந்தயம் கட்டினார் என்பதை அந்த அட்டை எண்ணிக்கொண்டே இருக்கும். அவரிடம் எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, அதில் ஒரு சிறு பங்கை அறையாகவும் சோறாகவும் திருப்பிக் கொடுக்கிறார்கள். 98 சென்ட் கோழிதான் புது உருவத்தில் வருகிறது!

அட்டை வாங்குவதில் தப்பு இல்லை. அட்டைக்காக ஆடுவதுதான் தப்பு.

போகிறவர் கவனிக்க வேண்டியவை

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்க, நம் ஊர்ப் பெற்றோர் பலர் போகிறார்கள். "இந்த ஊர் எப்படி இருக்கும்?" என்று பார்க்க ஆசைப்பட்டால், இவற்றை மனதில் வைக்கலாம்.

முதலாவது, பருவம். லாப்லினில் கோடை வெயில் நெருப்பாக எரியும். 1994 ஜூன் 29-ந் தேதி அங்கே 125 டிகிரி வெயில் அடித்தது. நெவாடா மாநிலத்திலேயே அதுதான் உச்சம்! ஆகவே குளிர்காலமே ஏற்றது. டெட்வுட் மலையூர். அங்கே குளிர்காலத்தில் பனி கொட்டும்; கோடை நல்லது. ஆனால் ஆகஸ்டு தொடக்கத்தில், பக்கத்து ஊரான ஸ்டர்ஜிசில் மோட்டார் சைக்கிள் திருவிழா நடக்கும். லட்சக்கணக்கில் ஆட்கள் வருவார்கள். அப்போது அறை கிடைப்பது கஷ்டம்.

இரண்டாவது, வழிச் செலவு. லாஸ் வேகாசில் இருந்து லாப்லினுக்கு சுமார் 95 மைல். டெட்வுட் போக, பெரும்பாலோர் ராப்பிட் சிட்டிக்கு விமானத்தில் போய், அங்கிருந்து காரில் போவார்கள். அறை வாடகையில் மிச்சம் பிடித்ததைக் கார் வாடகையில் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, வயது. இரண்டு மாநிலங்களிலும் 21 வயது ஆகாதவர் சூதாடக்கூடாது. குழந்தைகளை ஆட்டக் கூடத்தில் நிறுத்திவிட்டு ஆட முடியாது.

நான்காவது, ஆடாதவருக்கு என்ன இருக்கிறது? இதுதான் முக்கியம். லாப்லினில் ஆறு இருக்கிறது. படகில் போகலாம். கரையோரம் நடக்கலாம். டெட்வுட்டில் ஹிக்கக்கின் சமாதி இருக்கிறது. நான்கு ஜனாதிபதிகளின் முகங்களை மலையில் செதுக்கிய ரஷ்மோர் குன்றுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். சூதாட்டம் தவிர வேறு ஒன்றும் இல்லாத ஊர் என்றால், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் கால் அங்கேயேதான் போகும்!

ஊரும் தோற்கும்

ஆடுகிறவர் மட்டும்தான் தோற்பார் என்று நினைக்க வேண்டாம். ஊரும் தோற்பது உண்டு.

லாப்லினில் நீராவிக் கப்பலைப் போலவே கட்டிய பெரிய சூதாட்ட விடுதி ஒன்று இருந்தது. பெயர் "கொலராடோ பெல்". 1987-ல் கட்டியது. அந்த ஊரின் அடையாளமே அதுதான். 2020-ல் கொரோனா வந்தபோது அதை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களின் பிழைப்பும் போயிற்று.

எல்லைக்கோட்டு வியாபாரமும் முன்போல் இல்லை. அரிசோனாவிலும் கலிபோர்னியாவிலும், பூர்வகுடி மக்களின் நிலங்களில் சூதாட்ட விடுதிகள் வந்துவிட்டன. வீட்டுக்குப் பக்கத்திலேயே சூதாட்டம் இருக்கும்போது, பாலைவனம் தாண்டி யார் வருவார்?

தர்மருக்குத் தெரியாதது

சூது என்றதும் நமக்குத் தர்மர் நினைவு வரும். அவர் முதல் பந்தயத்திலேயே நாட்டை வைக்கவில்லை. சிறிதாகத்தான் தொடங்கினார். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று மேலும் மேலும் வைத்தார். நாடு போயிற்று. தம்பிகள் போனார்கள். மனைவியையும் வைத்தார். "இத்தோடு போதும்" என்று எழுந்திருக்க அவருக்குத் தெரியவில்லை.

திருவள்ளுவரும் சூதுக்கு என்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

போகாமலே இருப்பது மிகவும் நல்லது. போகத்தான் வேண்டும் என்றால், ஒரு தொகையைத் தனி உறையில் போடுங்கள். சினிமாவுக்குக் கொடுத்த டிக்கெட் பணத்தைப்போல, அது திரும்பி வராது என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். உறை காலி ஆனதும் எழுந்துவிடுங்கள். கடன் வாங்கி ஆடாதீர்கள். உறையை உங்கள் மனைவியிடமோ, கணவரிடமோ கொடுத்து வைப்பது இன்னும் நல்லது.

அந்தத் தலைமை ஆசிரியர் சொன்னதைக் கேட்காத பையன், ஓர் ஊரையே உண்டாக்கினான். உண்மைதான். ஆனால் அவன் சூது ஆடிப் பணக்காரன் ஆகவில்லை. சூது ஆட வந்தவர்களுக்குக் கோழி போட்டுப் பணக்காரன் ஆனான்!

அடுத்த தடவை எங்காவது "98 சென்டுக்கு விருந்து" என்ற பலகையைப் பார்த்தால், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.